ட்ரோன் ஆராய்ச்சி நடக்கும் கல்லூரியைப் போரில் தாக்கலாமா?

ஓசூர் ராணுவத் தளவாட உற்பத்தி வழித்தடத்தில் இருப்பதால், கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளும் இலக்காகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆராய்ச்சி நடப்பது மட்டும் போதாது. போர் விதிகளை வகுக்கும் ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977 முதலாம் கூடுதல் நெறிமுறை (இந்தியா இதில் சேரவில்லை) ஓர் இடத்தைத் தாக்க இரண்டு நிபந்தனை வைக்கிறது: அந்த இடம் ராணுவ நடவடிக்கைக்கு உருப்படியாக உதவ வேண்டும், அழித்தால் திட்டவட்டமான ராணுவப் பலன் கிடைக்க வேண்டும். சந்தேகமென்றால் பள்ளிக்கூடத்தைப் பள்ளிக்கூடமாகத்தான் கொள்ள வேண்டும், இலக்காக அல்ல. மாந்தோப்புக்கு மருந்தடிக்கும் ட்ரோன் முதல் நிபந்தனையையே தாண்டாது.

சிக்காகோ பல்கலைக்கழகம் வேறு கதை. 1942 டிசம்பரில் அதன் விளையாட்டரங்கப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில்தான், அணுகுண்டுத் திட்டத்துக்காக முதல் அணு உலை இயங்கியது.

தகராறெல்லாம் நடுவில் இருப்பவற்றில்தான். 2008 டிசம்பரில் ஆயுத ஆய்வகம் என்று சொல்லி காசா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் இஸ்ரேல் குண்டு போட்டது, ஐ.நா. விசாரணைக் குழுவுக்கு அதற்கான தகவல் எதுவும் கிடைக்கவில்லை. குண்டு விழுந்தபிறகு வரும் தீர்ப்பு யாருக்கு?