சிறுமூளையும் செம்புள்ளியும்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஒன்பது வயது. கையெழுத்து கோணலாகவே வருகிறது. பந்து பிடிக்கவும் தடுமாறுகிறான். ஒரு பயிற்சி மையத்தில் ஸ்கேன் படம் காட்டினார்கள். பயிற்சிக்குப் பிறகு, உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் சிறுமூளை சிவந்திருந்தது. ரத்த ஓட்டம் கூடினால் அந்தப் பகுதி நன்றாக வேலை செய்கிறது என்றுதானே பொருள்? அவனைச் சேர்க்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

கோணல் கையெழுத்துக்காக நீங்கள் தூக்கம் கெடவேண்டாம். பந்தும் நழுவுகிறதென்றால் குழந்தைகள் நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஆனால் ஒரு படத்தின் நிறத்தை நம்பி மகனின் மூளையை எடைபோடத் துணிந்தீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சில நாட்களாக நானும் இந்தச் சிவப்பைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சிறுமூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து வெளியேறும் ஆணைகள் அனைத்தும் பர்கின்ஜி செல்கள் என்ற பெரிய நரம்பணுக்கள் வழியாகவே செல்கின்றன. கோபன்ஹேகனில் நரம்பியல் ஆய்வாளர் மார்ட்டின் லாரிட்சனின் குழுவினர், மயக்கத்தில் வைத்த எலிகளின் சிறுமூளையில் பர்கின்ஜி செல்களுக்குச் செய்தி கொண்டுவரும் இணை இழைகளை மின்சாரத்தால் தூண்டி, பர்கின்ஜி செல்லின் மின்துடிப்பையும் ரத்த ஓட்டத்தையும் சேர்த்தே அளந்தார்கள். 1998இல் வெளியான அந்த ஆய்வில், அவ்விழைகள் பிற செல்களை அடக்கும் பக்கத்துத் தடுப்பு நரம்பணுக்களையும் எழுப்பிவிட்டதால் பர்கின்ஜி செல்லின் துடிப்பு அடங்கிப்போயிற்று. ரத்த ஓட்டமோ உயர்ந்தது. ஆணை பிறப்பிக்கும் செல் வாய்மூடிக் கிடந்த நேரத்தில் ரத்தம் பெருகியது என்பதை நீங்கள் இரண்டு முறையாவது படிக்கவேண்டும். மனுக்கள் குவிந்து, விசிறியும் விளக்கும் ஓடி, மின்கட்டணம் ஏறியும் ஓர் உத்தரவுகூட வெளிவராத அலுவலகங்களை நீங்கள் பார்த்ததே இல்லையா? 2004இல் அதே குழு, பர்கின்ஜி துடிப்பு ரத்தப் பெருக்கத்துக்குத் தேவையுமில்லை, அது மட்டும் போதுமானதுமில்லை என்று தலைப்பிலேயே எழுதிவிட்டது.

பசித்த இடத்துக்கு ரத்தம் பாய்கிறது என்ற எண்ணத்தையும் கைவிடுங்கள். செய்தி வந்து சேர்ந்ததுமே தடுப்பு நரம்பணுக்களும் இணை இழைகளின் பிறப்பிடமான சிறுமணிச் செல்களும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிட, ரத்த நாளச்சுவரின் தசை தளர்ந்து குழாய் விரிகிறது. பர்கின்ஜி செல்லிடம் அந்த வாயுவை உண்டாக்கும் நொதியே இல்லை.

இப்படியிருக்க, செல்லைத் தூண்டும் செய்தி வந்தாலும் அதை அடக்கும் செய்தி வந்தாலும் அதே சிவப்பு தோன்றக்கூடும். உங்கள் மகனின் சிறுமூளை சரியான ஆணை இட்டதா, தவறான ஆணை இட்டதா, ஒன்றுமே இடவில்லையா என்பதை அந்த நிறம் சொல்லாது. அத்துடன், அத்தகைய படம் இரண்டு நிலைகளுக்கு இடையிலான வித்தியாசத்தையே காட்டுகிறது. ஒப்பிட எடுத்த படத்தின்போது குழந்தை என்ன செய்துகொண்டிருந்தான் என்று அந்த மையத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.