பொருளாதார உலகமயமாக்கல் ஒரு நாட்டை எப்படிப் பாதிக்கிறது? பாடப்புத்தக விளக்கம் வேண்டாம், புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கேள்விக்கு 1991, தாராளமயம், தனியார்மயம் என்று ஆரம்பித்து செல்போனிலும் கார் கம்பெனியிலும் கொண்டுபோய் முடிப்பதுதான் வழக்கம். நான் ரப்பரை வைத்துச் சொல்கிறேன். எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டம், அருமனைப் பக்கம். வீட்டில் மூன்று தலைமுறையாகச் சோறு போட்டது ரப்பர்தான். பொருளாதாரத்தில் நான் பட்டம் வாங்கியதில்லை. ஆனால் விலை ஏறினால் என்ன ஆகும், இறங்கினால் என்ன ஆகும் என்பதை வீட்டுக்குள்ளேயே பார்த்து வளர்ந்தவன்.

ரப்பர் மரம் இங்கே வந்ததே உலக வியாபாரத்தால்தான். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போயின. அடுத்த நாற்பது ஆண்டுக்குள் ஆசியத் தோட்டங்கள் பிரேசிலை முந்திவிட்டன. ரப்பர் பணத்தில் ஓபரா அரங்கம் வரை கட்டிய மனாஸ் நகரம் படுத்துவிட்டது. ஒரு நாட்டின் செல்வம் இன்னொரு நாட்டுக்கு இப்படி இடம் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, நம் காலத்துக்கு வருகிறேன். 2011 ஏப்ரலில் ரப்பர் கிலோ 240 ரூபாயைத் தாண்டியது. சீனாவில் கார் உற்பத்தி கிடுகிடுவென ஏறிக்கொண்டிருந்த நேரம். டயருக்கு ரப்பர் வேண்டும், ரப்பர் போதவில்லை. அந்தப் பணத்தில்தான் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தோம், அக்காவை நர்சிங் சேர்த்தோம். உலகமயம் எங்களுக்கு நன்மையே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய்.

ஆனால் அதற்குச் சில வருடம் முன்பிருந்தே ஏறிவந்த விலையைப் பார்த்து தாய்லாந்திலும் வியட்நாமிலும் ஐவரி கோஸ்ட்டிலும் லட்சக்கணக்கான ஏக்கரில் கன்று வைத்திருந்தார்கள். ரப்பர் மரம் வெட்டுக்கு, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற நிலைக்கு, வர ஏழு வருடம் ஆகும். அந்த மரங்கள் எல்லாம் பால் தர ஆரம்பித்த நேரத்தில் சீனாவின் வேகம் குறைந்தது. 2014இல் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. எண்ணெய் விலை விழுந்தால் அதிலிருந்து செய்கிற செயற்கை ரப்பரும் மலிந்துவிடும். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததில் 2016 தொடக்கத்தில் எங்கள் ஊரில் கிலோ 100 ரூபாய்கூட இல்லை.

அந்த மாதங்களில் அப்பாவோடு ரப்பர் சீட் (தகடு) விற்கப் போன ஒரு நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. விடியும் முன்னே வெட்டி, சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து, வடிகட்டி, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் அடித்து, வெயிலில் போட்டு, பிறகு புகையில் உலர்த்தி எடுத்தால்தான் ஒரு சீட். கடைக்காரர் அதைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "உள்ள குமிளு கெடக்கு அண்ணே. நாலாம் நம்பர்ல சேராது. லாட்டாத்தான் எடுக்கணும்." நாலாம் நம்பர் என்பது சீட்டின் ஒரு தரம். லாட் என்றால் தரம் பிரிக்காத, விலை குறைந்த சரக்கு.

"போன வாரமும் இதே பாலு, இதே ஆசிட்டு. அன்னைக்கு நாலாம் நம்பருன்னுதானே எடுத்தீரு?" என்று அப்பா கேட்டார்.

அவர் போனை எடுத்து நீட்டினார். "பாங்காக்குல குறைஞ்சு போச்சு. நான் என்ன செய்யட்டு?"

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. விலை இறங்கும்போது தரத்தைக் குறைத்து எடுத்தால்தான் அவருக்கும் கட்டும். இறங்குகிற விலை மேலே இருந்து ஒவ்வொரு கையாகக் கீழே தள்ளப்பட்டு, அதற்கு மேல் தள்ள ஆள் இல்லாத இடத்தில் வந்து நிற்கிறது. அந்த இடத்தில் அப்பா நின்றார். எங்களுக்குக் கீழே இருந்தவர் வெட்டுக்காரர். அவருக்குக் கூலி கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை, அதனால் மரத்தில் பால் வெட்டாமலே விட்டோம். எங்கள் பக்கத்தில் பாதித் தோட்டம் அப்படித்தான் கிடந்தது. அதே 2015-16இல் நாட்டின் உற்பத்தி 5.62 லட்சம் டன், இறக்குமதி சுமார் 4.6 லட்சம் டன். இங்கே மரம் சும்மா நிற்கிறது, அங்கே கப்பல் வருகிறது. அந்த நேரத்தில் டயர் விலை பாதியாகக் குறைந்ததா என்று உங்கள் ஊர் ஆட்டோக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

"அரசு வரியை ஏற்றி இறக்குமதியைத் தடுக்கலாமே" என்று தோன்றும். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தத்தில் பருத்தி உண்டு, கச்சாப் பட்டு உண்டு, கம்பளி உண்டு. ரப்பர் இல்லை. நிலத்தில் நட்டு, உரம் போட்டு வளர்க்கிற மரத்தின் பால் அந்தக் கணக்கில் தொழில் துறைப் பொருள். சீட் ரப்பருக்கு 25 சதவீதத்துக்கு மேல் வரி போடுவதில்லை என்று இந்தியா அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறது. வேளாண் பொருள்கள் பலவற்றுக்கு 100 சதவீதம், அதற்கும் மேல்கூட இடம் வைத்துக்கொண்ட நாடு இது. 2015இல் வரியைக் கூட்டினார்கள்: 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது. அதுவும் எல்லோருக்கும் இல்லை. ஏற்றுமதி செய்கிற டயர் கம்பெனிகள் அதற்கு ஈடாக வரியில்லாமலே ரப்பர் கொண்டுவரத் திட்டம் இருக்கிறது. ரப்பரோடு சில ரசாயனங்களைக் கலந்து காம்பவுண்ட் ரப்பர் என்று கொண்டுவந்தால் 2023 பட்ஜெட் வரை 10 சதவீதம்தான் வரி.

நாடு கைகட்டி நிற்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. தாய்லாந்தில் 2013இல் ரப்பர் விவசாயிகள் தெற்கே சாலையை மறித்து உட்கார்ந்ததும் அரசு இறங்கிவந்து உதவித்தொகை அறிவித்தது. கேரளம் 2015இல் கிலோவுக்கு 150 ரூபாய் என்று வைத்து, சந்தை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சிறு விவசாயியின் வங்கிக் கணக்கில் போட்டது. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் போனால் கேரள எல்லை. அந்தப் பக்கம் அதே மண், அதே மழை, அதே மரம். அங்கே 150, இங்கே 95. உலக விலை இரண்டு பக்கமும் ஒன்றுதான். நடுவில் கை கொடுக்க ஓர் அரசு இருந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் குறைவுதான். அந்த வருடம் தம்பியின் கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "ரப்பர் வெச்சிருக்கீங்க, உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டு மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். ரப்பர் என்றாலே எஸ்டேட் முதலாளி என்று நினைப்பு. எங்களுடையது ஒன்றரை ஏக்கர். நஷ்டத்தில் கிடக்கிற நெல் விவசாயியைப் பார்த்து அனுதாபப்படுகிற அதே ஆட்கள் எங்களை ஏன் விவசாயியாகவே பார்ப்பதில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

அந்த வருடங்களைக் கடத்தியது அக்கா குவைத்திலிருந்து அனுப்பிய பணம்தான். நர்ஸாகப் போயிருந்தாள். ரப்பர் பணத்தில் படித்தவள், ரப்பர் விழுந்தபோது தாங்கினாள். அதனால்தான் இந்த விஷயத்தில் ஒரு பக்கமாகப் பேச எனக்கு வாய் வருவதில்லை. சரக்கு எல்லை தாண்டியதில் அடி வாங்கினோம், ஆள் எல்லை தாண்டியதில் பிழைத்தோம்.

"கட்டாவிட்டால் வேறு பயிர் போடு" என்று யாராவது சொல்லக்கூடும். சொல்லுங்கள், ஆனால் ஒரு கணக்குப் போட்டுவிட்டுச் சொல்லுங்கள். மரம் வெட்டுக்கு வர ஏழு வருடம், அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் பலன். விலையோ தினமும் மாறுகிறது. 2016இல் வெறுத்துப்போய் மரத்தை முறித்துத் தள்ளியவர்கள் உண்டு. 2024 ஆகஸ்டில் விலை 2011இன் உச்சத்தையே தாண்டியது, அவர்கள் கையில் மரம் இல்லை. மரத்தை வைத்திருந்த எங்களுக்கும் அது மழைக்காலம், முழு வெட்டு நடக்கவில்லை.

இப்போது எங்கள் பழைய மரங்கள் மறுநடவுக்கு வந்துவிட்டன. தம்பி ரம்புட்டான் வைக்கலாம் என்கிறான், அப்பா ரப்பர்தான் என்று நிற்கிறார். நான் அப்பா பக்கம். அது வரித் தடுப்பு பலமாக இருக்கும் என்ற நம்பிக்கையால் அல்ல. ரப்பர் சீட்டை விலை வரும் வரை பரணில் அடுக்கி வைக்கலாம், ரம்புட்டான் பழத்தை ஒரு வாரம்கூட வைக்க முடியாது.