ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் ஒரு வருடம்: கேள்வி பதில்

ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, நர்சிங் சூப்பரின்டென்டன்ட் ஆகி, போன வருடம் எங்கள் அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தேன். என்னென்ன மாறியது என்று பலர் கேட்டிருந்தீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

திருச்சி ஸ்டாஃப் நர்ஸ்: அக்கா, பொறுப்புக்கு வந்ததும் முதலில் எதில் கை வைத்தீர்கள்?

ஹேண்ட்ஓவரில், அதாவது ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்த நர்ஸிடம் ஒப்படைப்பதில். முன்பு ஸ்டேஷனில் உட்கார்ந்து ரிப்போர்ட் புத்தகத்தைப் படித்து ஒப்படைப்போம். இப்போது போகிற நர்ஸும் வருகிற நர்ஸும் ஒவ்வொரு படுக்கை அருகிலும் நின்று பேச வேண்டும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, டிரிப் என்ன வேகத்தில் ஓடுகிறது, சிறுநீர் எவ்வளவு போனது, லேபிலிருந்து எந்த ரிப்போர்ட் வரவில்லை. கடைசி விஷயம்தான் அதிகம் நழுவும். பொட்டாசியத்துக்கு ரத்தம் போயிருக்கும், அளவு எகிறியிருக்கும், ஷிப்ட் மாறியதில் யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். நோயாளி முன்னால் பேசினால் அவரே, "காலையில ரத்தம் எடுத்தாங்களேம்மா, என்னாச்சு?" என்பார். எச்.ஐ.வி., தற்கொலை முயற்சி போன்றவற்றை மட்டும் தனியாகச் சொல்லிக்கொள்வோம், பக்கத்துப் படுக்கைக்குக் கேட்கக் கூடாது.

நேரமாகிறது என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். இரவு 9 மணி ஹேண்ட்ஓவருக்கு நானே போய் நின்றேன். புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பகலில் மட்டும் ரவுண்ட்ஸ் போகாதீர்கள்.

சேலம் வாசகர்: காலை 10 மணிக்கு டிஸ்சார்ஜ் என்கிறார்கள், மாலை 5 ஆகிறது. ஏன்?

கேஷ்லெஸ், அதாவது பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டும் முறை என்றால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி, ஆஸ்பத்திரியின் கோரிக்கை கிடைத்த 3 மணி நேரத்துக்குள் கம்பெனி ஒப்புதல் தர வேண்டும். அதைத் தாண்டி ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் போட்டால் அதுவும் கம்பெனி தலையில். ஆனால் கோரிக்கை கிளம்புவதற்கு முன்பே எங்கள் பக்கம் பாதி நாள் போய்விடும். நோய், சிகிச்சை விவரம் சொல்லும் டிஸ்சார்ஜ் சம்மரியை டாக்டர் எழுதியிருக்க மாட்டார், மீந்த மருந்து ஃபார்மசிக்குத் திரும்பியிருக்காது, பில் முடிந்திருக்காது. இப்போது முந்தின நாள் சாயங்காலமே சம்மரியை எழுத வைக்கிறோம். நன்றாகவே குறைந்திருக்கிறது.

பெயர் சொல்லாதவர்: அம்மாவுக்கு நேற்றிலிருந்து நெஞ்சு அழுத்தம், வியர்வை. என்ன மாத்திரை கொடுக்கலாம்?

உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இங்கே பதில் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

சிறிய ஆஸ்பத்திரியின் டிரஸ்டி: எம்.ஆர்.ஐ. வாங்கலாமா?

இரவு 2 மணிக்கு அதை இயக்க டெக்னீஷியனும் படம் பார்த்துச் சொல்ல ரேடியாலஜிஸ்டும் இருந்தால் வாங்குங்கள். முதலில் ஆள், பிறகுதான் மெஷின்.

ஈரோடு வாசகர்: டிஸ்சார்ஜ் ஏன் லேட்டாகிறது?

சேலம்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கோவை ஐ.சி.யு. நர்ஸ்: 12 மணி நேர ஷிப்டை எடுத்துவிட்டீர்களாமே. இரவு 9 மணிக்கு வேலை முடிந்தால் நான் எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போவேன்? உங்களுக்கு கார் இருக்கிறது மேடம்.

கோபம் நியாயம்மா. நானும் அந்த பஸ்ஸுக்கு நின்றவள்தான். ஆனால் 12 மணி நேரம், வாரம் ஆறு நாள் என்றால் 72 மணி நேரம். பதினோராவது மணியில் மருந்தை அளந்து ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப்பில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும். எங்களிடம் காலை 7, மதியம் 2, இரவு 9 என்று மூன்று ஷிப்ட். இரவு மட்டும் நீளம், அதற்குப் பின் கட்டாய ஓய்வு. 9 மணிக்கு வீடு வரை வேன்.

தஞ்சாவூர் டாக்டர்: ஷிப்ட் கூடினால் ஹேண்ட்ஓவரும் கூடும். தவறு நடப்பதே அங்கேதான் என்று நீங்களே சொன்னீர்கள்.

சரியான கேள்வி டாக்டர். அதனால்தான் ஹேண்ட்ஓவரைச் சீராக்கிய பிறகே ஷிப்டைத் தொட்டேன். வரிசை மாறியிருந்தால் நீங்கள் சொல்வதுதான் நடந்திருக்கும்.

கோவை ஐ.சி.யு. நர்ஸ்: 12 மணி நேரம், வாரம் நான்கு நாள் கொடுத்தால்?

மனதாரப் பேசத் தயார். 48 மணி நேரம், மூன்று நாள் ஓய்வு. அப்படிக் கொடுக்கும் நிர்வாகம் இருந்தால் நீங்கள் கேட்பதில் தவறில்லை. நான் எதிர்ப்பது ஆறு நாள் பன்னிரண்டை.

கரூர் வாசகர்: டிஸ்சார்ஜுக்கு இவ்வளவு நேரம்...

மூன்றாவது முறை. தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

மதுரை நர்சிங் மாணவி: அந்த வேனுக்குச் சம்பளத்தில் பிடிப்பீர்களா அக்கா?

இல்லை, பிடிக்கவும் கூடாது. டீசல் ஆஸ்பத்திரி கணக்கு. டிரைவரோடு ஒரு பெண் செக்யூரிட்டியும் போகிறார். கடைசிப் பெண் வீட்டுக்குள் போனதும் வார்டு இன்சார்ஜுக்கு போன் வர வேண்டும். வேலைக்குச் சேரும்போது இதை எழுத்தில் கேட்டு வாங்கும்மா.