ஆயத்தப் புயல் பாதுகாப்பு அறைகள்: கேள்வி பதில்

தொழிற்சாலையில் செய்து, வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தும் புயல் பாதுகாப்பு அறைகளை அமெரிக்க மாநிலங்கள் எவ்வாறு ஒழுங்குபடுத்துகின்றன என்று நண்பர்கள் கேட்டவற்றுக்குக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி: ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் ஒரு விற்பனையாளர், தம் இரும்பு அறை ‘ஃபெமா அங்கீகாரம் பெற்றது’ என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபெமா, எந்த நிறுவனத்தின் தயாரிப்பையும் அங்கீகரிப்பதோ சான்றளிப்பதோ இல்லை. இத்தகைய அறைகளை வடிவமைப்பதற்கான பி-320, பி-361 என்ற வழிகாட்டிகளை அது வெளியிடுகிறது. நீங்கள் கேட்க வேண்டியது, கட்டட விதிகளை வகுக்கும் ஐசிசி (இன்டர்நேஷனல் கோட் கவுன்சில்) என்ற அமைப்பின் ஐசிசி 500 என்ற தரநிலைப்படி அந்த அறை சோதிக்கப்பட்டதற்கான அறிக்கையை. 2008-இல் முதலில் வெளிவந்த அத்தரநிலை பின்னர் பலமுறை திருத்தப்பட்டிருப்பதால், எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: அந்தச் சோதனையில் என்னதான் செய்கிறார்கள்?

பதில்: புயலில் பறந்துவரும் சிதைபொருள் மோதுவதைப்போல, மரச்சட்டத்தைப் பீரங்கி போன்ற கருவியால் ஏவி அடிக்கிறார்கள். டொர்னாடோ எனும் சுழற்காற்றின் அபாயம் மிகுந்த பகுதிகளுக்கான அறை, மணிக்கு 250 மைல், அதாவது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட வேண்டும். அதன் சுவரின் மீதும் கதவின் மீதும் 6.8 கிலோ எடையுள்ள மரச்சட்டம் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது அது உள்ளே துளைத்து வரக்கூடாது. இந்த ஆய்வுகளில் முன்னோடி, லபக் நகரிலுள்ள டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம். 1970 மே 11 அன்று அந்நகரைத் தாக்கிய டொர்னாடோவில் 26 பேர் இறந்த பிறகே அங்கு இந்த ஆராய்ச்சி வேரூன்றியது. சுவர் தேறிவிடும்; தோற்பது பெரும்பாலும் கதவும் தாழ்ப்பாளும்தான். ஆகவே கதவு, கீல், தாழ்ப்பாள் மூன்றும் ஒரே தொகுப்பாகச் சோதிக்கப்பட்டனவா என்று பாருங்கள். பின்னாளில் கதவை மட்டும் மாற்றினால், பழைய அறிக்கை அந்த அறைக்குப் பொருந்தாது.

கேள்வி: இதையெல்லாம் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா?

பதில்: மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நாடு முழுவதற்குமான ஒரே கட்டடச் சட்டம் அங்கு இல்லை. ஐசிசி வெளியிடும் மாதிரி விதித்தொகுப்பை மாநிலங்கள் திருத்தங்களோடு ஏற்கின்றன, சில இடங்களில் அந்த முடிவு நகரங்களின் கையில் இருக்கிறது. வீடுகளுக்கான மாதிரி விதி, அறை கட்டியே ஆக வேண்டும் என்று சொல்வதில்லை. புயல் பாதுகாப்பு அறை என்று கட்டினால் அது ஐசிசி 500-இன்படி இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. பள்ளிகளின் நிலை வேறு. 2015-ஆம் ஆண்டின் மாதிரி விதித்தொகுப்பு, மணிக்கு 250 மைல் வேகக் காற்றுக்கு வடிவமைக்க வேண்டிய பகுதிகளில் 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் இருக்கும் புதிய பள்ளிகளில் இவ்வறையைக் கட்டாயமாக்கியது. 2013 மே 20 அன்று ஓக்லஹோமாவின் மூர் நகரில், டொர்னாடோ தாக்கி ஒரு தொடக்கப்பள்ளிக் கட்டடம் இடிந்து ஏழு குழந்தைகள் இறந்தனர். அதை நினைக்கும்போது, ஏற்கெனவே நிற்கும் பழைய பள்ளிகளை இவ்விதி தொடவில்லை என்பது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

கேள்வி: டெக்சாஸின் டல்லஸ் அருகே வசிக்கிறோம். கார் நிறுத்தும் கராஜில் இரும்பு அறை வைக்க நகர அனுமதி தேவையா?

பதில்: உள்ளூர்க் கட்டட அலுவலகத்தில் கேட்டு, தேவையெனில் தவறாமல் வாங்குங்கள், தேவையில்லை என்றாலும் ஆய்வாளர் ஒருவர் வந்து பார்ப்பது நல்லது. சோதனை அறிக்கை, பெட்டி போன்ற அந்த அறைக்கு மட்டுமே உரியது. அந்தப் பெட்டியைத் தரையோடு பிடித்து வைப்பது உங்கள் வீட்டுக் கான்கிரீட் தளமும் அதில் பதிக்கும் ஆங்கர் போல்ட்டுகளும். தளம் மெலிந்தோ விரிசல் விட்டோ இருந்தால், எத்தனை கனமான இரும்பும் காற்றில் பெயர்ந்துவிடும். விதிகளின் பிடி தளர்வதும் இந்த இடத்தில்தான்: தயாரிப்பவர் ஒருவர், பொருத்துபவர் இன்னொருவர், தளம் போட்டவர் எப்போதோ போய்விட்டவர். மேலும், டெக்சாஸில் பல வீடுகளின் தளத்துக்குள் இழுத்து இறுக்கப்பட்ட எஃகு வடங்கள் ஓடுகின்றன. அவை எங்கே இருக்கின்றன என்று கண்டறியாமல் துளையிட்டால் வடம் அறுந்து, தளமும் பழுதாகும், துளையிடுபவருக்கும் ஆபத்து. எனவே போல்ட்டின் அளவு, ஆழம், தளத்தின் தடிமன் ஆகியவற்றைக் குறிப்பிட்டுப் பொறியாளர் முத்திரையிட்ட வரைபடம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மண்ணுக்குள் புதைக்கும் அறை இதைவிடப் பாதுகாப்பானதா?

பதில்: சோதனையில் தேறிய இரண்டுமே பாதுகாப்பானவை. ஆனால் நிலத்தடி நீர் உயரும் இடத்தில், சரியாகப் பிணைக்கப்படாத நிலத்தடி அறை தொட்டியைப்போல மிதந்து மேலெழும். வெள்ளப் பகுதியில் அதைத் தவிர்க்கவும்.

கேள்வி: ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

பதில்: வீட்டு டொர்னாடோ அறைக்கு ஒருவருக்கு 3 சதுர அடி என்பது தரநிலையின் குறைந்தபட்ச அளவு, ஆறு பேருக்கு 18 சதுர அடி. சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தால், அது கதவு வழியே நுழைந்து உள்ளே நிற்குமா என்பதை வாங்கும் முன்பே அளந்து பாருங்கள்.