ஸ்பீக்கர் விலை 100, அதற்குக் கடன் விலை 180

கேள்வி: பிக்கப் வண்டி வைத்து சரக்கு ஏற்றும் தொழில் செய்கிறேன். வண்டி வாங்கி நான்கு வருடம் ஆகிறது. ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் வண்டிக்குள்தான் இருக்கிறேன். கம்பெனியில் போட்டுக் கொடுத்த ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினால் கரகரக்கிறது, குறைத்தால் டீசல் இன்ஜின் சத்தத்தில் பாட்டே கேட்பதில்லை. என் மனைவியின் தம்பி புதிதாகக் கார் ஆடியோ கடை வைத்திருக்கிறான். "மாமா, முதல் பெரிய வேலை உங்க வண்டியா இருக்கட்டும்" என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறான். புது ஸ்டீரியோ, முன் கதவு ஸ்பீக்கர், பின் கதவு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் (ஸ்பீக்கருக்குப் பவர் கூட்டும் பெட்டி), சப்வூஃபர் (கனத்த அடிச்சத்தத்துக்கான தனி ஸ்பீக்கர்) எல்லாம் சேர்த்து. வண்டிக் கடனில் இன்னும் 24 மாதம் பாக்கி. ஃபைனான்ஸில் கேட்டேன். அதே 12 சதவீத வட்டியில் டாப்-அப் (ஓடும் கடன் மேலேயே கூடுதல் கடன்) கொடுத்து, மொத்தத்தையும் 48 மாதமாக மாற்றித் தருகிறார்களாம். தவணையும் குறைகிறது. இரண்டு வருடம் முன்பு டயருக்கும் மேல்கூரைக்கும் இதே மாதிரிதான் டாப்-அப் எடுத்தேன். கடையில் ஆறு மாத வட்டியில்லாத் தவணையும் இருக்கிறது, ஆனால் அதைக் கட்ட முடியாது. தவணை குறைவதால் டாப்-அப் எடுப்பதுதானே சரி? மனைவி வேண்டாம் என்கிறார். இதனால் வீட்டில் ஒரே சச்சரவு. தொகைகளை வெளியிட வேண்டாம்.

பதில்: தொகைகளை வெளியிடவில்லை, கடிதத்தையும் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். மைத்துனர் கொடுத்த பட்டியலின் மொத்த விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் கணக்குப்படி வண்டிக் கடனின் பாக்கி அசல் ஏறக்குறைய 400. மற்ற எண்களும் அதே அளவில்தான்.

பாட்டு கேட்பது ஆடம்பரம் என்று நான் சொல்லப்போவதில்லை. நாளில் ஆறேழு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அது நியாயமான ஆசை. ஆனால் உங்கள் கடிதத்தில் "தவணை குறைகிறது" என்ற வரி மூன்று இடத்தில் வருகிறது. மொத்தம் எவ்வளவு கட்டுவீர்கள் என்பது ஒரு இடத்தில்கூட இல்லை. எனக்குக் கவலை ஸ்பீக்கரைப் பற்றி இல்லை, இதைப் பற்றித்தான்.

இப்போதைய நிலை இது. 400 பாக்கி, 12 சதவீதம், 24 மாதம். மாதத் தவணை சுமார் 18.8. மீதமுள்ள இரண்டு வருடத்தில் மொத்தம் 452 கட்டினால் கடன் முடிந்தது.

டாப்-அப் எடுத்தால் கடன் 500, காலம் 48 மாதம். தவணை சுமார் 13.2. மாதம் 5.6 குறைகிறது, உண்மைதான். ஆனால் மொத்தம் 632 கட்ட வேண்டும். 632இல் 452ஐக் கழித்தால் 180. அதாவது 100 விலையுள்ள சாமானுக்காக உங்கள் கையிலிருந்து கூடுதலாகப் போவது 180. இதற்குமேல் 2 சதவீதம் பிராசசிங் கட்டணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது புதிதாக வாங்கும் 100க்கு மட்டுமா, மொத்தம் 500க்குமா என்று கேட்டீர்களா? 500க்கு என்றால் அதிலேயே 10 போய்விடும். ஏற்கெனவே வாங்கிய கடனுக்கு மறுபடியும் ஒரு கட்டணம்.

கணக்குத் தெரிந்த நண்பர் யாராவது உங்களிடம் வாதாடலாம். வட்டி அதே 12 சதவீதம்தானே, பழைய கடனைத் தள்ளிப் போட்டதற்கும் சேர்த்துத்தானே அந்த 180, மாதம் மிச்சமாகும் 5.6ஐச் சேர்த்து வைத்தால் நஷ்டம் குறையுமே என்பார். அவர் சொல்வது சரி. ஆனால் போன தடவை டாப்-அப் எடுத்தபோதும் தவணை குறைந்திருக்கிறது. அந்த மிச்சம் எங்கே போனது? "கை கொஞ்சம் தாராளமாக இருந்தது" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சேமிப்பு என்று ஒரு வரிகூட இல்லை. இந்தத் தடவை மட்டும் அது தனியாகச் சேரும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

தேதிகளையும் வரிசையாகப் பாருங்கள். நான்கு வருடக் கடனில் வாங்கிய வண்டி. முதல் கணக்குப்படி இந்த மாதத்தோடு கடன் தீர்ந்திருக்க வேண்டும். டயருக்காக ஆறாவது வருடத்துக்குத் தள்ளினீர்கள். இப்போது ஸ்பீக்கருக்காக எட்டாவது வருடம். சரக்கு வண்டிக்கு ஆறு வருடத்துக்கு மேல் கிளட்ச், இன்ஜெக்டர், சஸ்பென்ஷன் என்று வரிசையாகச் செலவு வரும். அப்போது தவணை இல்லாமல் இருந்தால்தான் அந்தச் செலவைக் கையிலிருந்து செய்ய முடியும். இல்லாவிட்டால் மூன்றாவது டாப்-அப்தான். ஃபைனான்ஸ்காரர்கள் உங்களைத் தேடிவந்து போன் செய்வதன் ரகசியமும் இதுதான். ஒழுங்காகக் கட்டுகிறவர் கடனை முடித்துவிட்டுப் போனால் அவர்களுக்கு என்ன லாபம்?

அப்புறம் அந்த வட்டியில்லாத் தவணை. இந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ரொக்கமாகக் கொடுத்தால் 92, ஆறு தவணை என்றால் 100 என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த 8தான் வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால், 92ஐ ஆறு மாதத்தில் 100ஆகக் கட்டுவது ஆண்டுக்கு 29 சதவீதம் பக்கம் வருகிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த 29 சதவீதத்தில் உங்களுக்கு நஷ்டம் வெறும் 8. "மலிவான" 12 சதவீத டாப்-அப்பில் 80, கட்டணம் 500க்கும் என்றால் 90. வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. அதற்காக ஆறு மாதத் தவணையை எடுங்கள் என்று சொல்லவில்லை. இப்போதைய 18.8உடன் இன்னொரு 16.7 சேர்ந்தால் உங்களால் தாங்க முடியாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

சரி, பட்டியலுக்கு வருவோம். ஸ்டீரியோ 25, முன் கதவு ஸ்பீக்கர் 20, பின் கதவு ஸ்பீக்கர் 10, ஆம்ப்ளிஃபயர் 20, சப்வூஃபர் 15, வயரிங்கும் கூலியும் 10. உங்கள் குறை இரண்டே இரண்டு: கரகரப்பு, இன்ஜின் சத்தத்தில் பாட்டு அமுங்குவது. அதற்கு இத்தனையும் தேவையில்லை.

ஸ்டீரியோவை விடுங்கள். இருப்பது ஓடுகிறது, ரிவர்ஸ் கேமராவும் ஸ்டீயரிங் பட்டன்களும் அதோடு சேர்ந்தவை. மாற்றினால் அவற்றை இணைக்கத் தனியாக அடாப்டர் வேண்டும், பட்டியலில் அது இல்லை. பின்னாளில் ஆம்ப்ளிஃபயர் போட்டாலும், ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும் வகை கிடைக்கிறது. பின் கதவு ஸ்பீக்கரையும் விடுங்கள். ஓட்டுகிறவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குப் பாட்டு முன்னாலிருந்துதான் வர வேண்டும். பின் சீட்டில் ஏற்றுவது பெரும்பாலும் கயிறும் தார்ப்பாயும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

முன் கதவு ஸ்பீக்கர்தான் முக்கியம். இதிலும் ஏமாறாமல் இருக்க இரண்டு எண்களைப் பாருங்கள். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிடும் 300 வாட், 400 வாட் எல்லாம் பீக் கணக்கு, அதாவது கண நேரம் மட்டும் தாங்கும் உச்சம். விட்டுத்தள்ளுங்கள். தொடர்ந்து தாங்கும் பவரான ஆர்எம்எஸ் வாட் எவ்வளவு என்று பாருங்கள். ஸ்டீரியோவிலும் இதே கதைதான். 4×50 வாட் என்று போட்டிருக்கும், தொடர்ந்து தருவது பொதுவாக ஒரு சேனலுக்கு 20 வாட் பக்கம். அதனால் இரண்டாவது எண், சென்சிடிவிட்டி (அதே பவரில் எவ்வளவு சத்தம் வரும் என்பது), உங்களுக்கு அதைவிட முக்கியம். அதை டெசிபலில் எழுதியிருப்பார்கள். 3 டெசிபல் கூடினால், இரண்டு மடங்கு பவர் கொடுத்தது போன்ற பலன். பெரிய ஆம்ப்ளிஃபயருக்காகச் செய்த கனமான ஸ்பீக்கரை வாங்கி வெறும் ஸ்டீரியோவில் மாட்டினால் பழையதைவிடச் சத்தம் குறையலாம். காசு கொடுத்துச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் அடுத்து விற்பதுதான் ஆம்ப்ளிஃபயர்.

ஓம் கணக்கையும், அதாவது ஸ்பீக்கரின் மின்தடையையும், கேளுங்கள். சில வண்டிகளில் கம்பெனி ஸ்பீக்கர் 2 ஓம். அந்த இடத்தில் கடையில் கிடைக்கும் வழக்கமான 4 ஓமைப் போட்டால் அதற்குப் போகும் பவர் ஏறக்குறைய பாதியாகிவிடும். மைத்துனருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் உங்கள் வண்டியில் பழக வேண்டாம்.

இன்னொன்று, பட்டியலில் இல்லாதது. கதவின் உள்தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கும். ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தம் அவற்றின் வழியாக வெளியே வந்து முன்பக்கச் சத்தத்தோடு மோதினால் பேஸ், அதாவது கனத்த அடிச்சத்தம், கரைந்துபோகும். அந்த ஓட்டைகளை அடைத்து, தகட்டில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ஷீட் ஒட்டினால் பேஸும் கூடும், கதவு அதிர்வதும் குறையும், வெளிச்சத்தமும் ஓரளவு மட்டுப்படும். நல்ல லாபம் வைத்து விற்க முடியாத வேலை என்பதால் பலர் இதைச் சொல்வதில்லை. பின் ஸ்பீக்கருக்கு வைத்த 10இல் இதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

இப்படிப் பார்த்தால் முதல் கட்டத்துக்கு முன் கதவு ஸ்பீக்கர் 20, ஷீட்டும் கூலியும் 8 அல்லது 9. மொத்தம் 30க்குள். குடும்பச் செலவு போக மாதம் 6 ஒதுக்க முடியும் என்கிறீர்கள். ஐந்து மாதம் பொறுங்கள், ரொக்கமாகக் கொடுங்கள், ரொக்கத் தள்ளுபடியையும் கேட்டு வாங்குங்கள். பிறகு மூன்று மாதமாவது அதோடு ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் பேஸ் போதவில்லை என்றால் சீட்டுக்கு அடியில் அடங்கும் சிறிய சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் அடுத்த கட்டம், அதற்கும் இதே மாதம் 6தான். அப்படிப் போனால் பேட்டரிப் பக்கத்திலேயே ஃபியூஸ், தகுந்த தடிமனில் வயர், இரண்டையும் பட்டியலில் எழுதி வாங்குங்கள். தொழிலுக்கு ஓடும் வண்டியில் வயர் சூடாவது விளையாட்டில்லை. கம்பெனி வயரை வெட்ட வேண்டாம், அதற்கேற்ற கனெக்டர் போடச் சொல்லுங்கள். வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் வயரை வெட்டியது நாளைக்கு வாக்குவாதமாகும். மாட்டிய சாமானைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

மைத்துனர் விஷயம். உங்கள் மனைவி வேண்டாம் என்பது தம்பியின் கடையையா, டாப்-அப்பையா என்று முதலில் அவரிடமே கேளுங்கள். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்கு அது டாப்-அப் மேல் உள்ள கோபமாகத்தான் தெரிகிறது. தம்பியிடம் நேராகச் சொல்லலாம்: "கடனில் வாங்குவதில்லை என்று முடிவு பண்ணியிருக்கிறோம். முன் ஸ்பீக்கரும் ஷீட் வேலையும் உன்னிடம்தான், பணம் அன்றைக்கே கையில்." கடை திறந்த புதிதில் ரொக்கம் கொடுக்கும் வாடிக்கையாளரை யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். விலையை மட்டும் இன்னொரு கடையிலும் கேட்டுவிட்டுப் போங்கள். குடும்ப விலை என்று சொல்லும்போது யாரும் பேரம் பேசுவதில்லை, அதனால்தான் அது சில சமயம் வெளி விலையைவிட அதிகமாக இருக்கிறது. அவருக்குப் பண உதவி செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் அதைத் தனியாக, திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை என்ற அளவில் கொடுங்கள். ஆம்ப்ளிஃபயர் விலைக்குள் ஒளித்துக் கொடுக்க வேண்டாம்.

ஃபைனான்ஸிலிருந்து மறுபடி போன் வந்தால் தவணையைப் பற்றிப் பேசாதீர்கள். "இன்றிலிருந்து கடன் முடியும்வரை நான் மொத்தம் எவ்வளவு கட்டுவேன், டாப்-அப் இல்லாமல் எவ்வளவு, எடுத்தால் எவ்வளவு" என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு எண்களும் வந்ததும் மனைவியிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

கழற்றிய பழைய ஸ்பீக்கர்களைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போது நல்ல ஸ்பீக்கருக்காக யாரும் கூடுதல் விலை தர மாட்டார்கள். பழையதை மாட்டிக் கொடுத்துவிட்டு, புதியதைக் கழற்றிக்கொள்ளலாம். அளவு ஒத்துப்போனால் அடுத்த வண்டிக்கு அதுவே ஆகும்.