சுடாத தேநீரும் வேகவைக்கும்: வாசகர் கேள்வி-பதில்

2011இல் வந்த ‘இன்டச்சபிள்ஸ்’ என்ற பிரெஞ்சுப் படத்தைப் பற்றியே இம்முறை கேள்விகள் குவிந்திருக்கின்றன. பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: பாராகிளைடிங் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த பாரிஸ் செல்வந்தர் ஃபிலிப். அவரைப் பார்த்துக்கொள்ள வந்து சேர்கிறான் புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பைச் சேர்ந்த ட்ரிஸ். அண்மையில்தான் சிறையிலிருந்து வெளியே வந்தவன். இயக்கம் ஒலிவியே நகாஷ், எரிக் தொலெதானோ. நடிப்பு ஃப்ரான்சுவா க்ளூசே, ஒமர் சி.

கேள்வி: தலைப்புக்குத் ‘தீண்டத்தகாதவர்கள்’ என்றுதானே பொருள்? இவர்களில் யார் தீண்டத்தகாதவர்?

பதில்: இருவருமே. நம் நாட்டுச் சாதிக் கொடுமையை எழுதும்போது பிரெஞ்சுக்காரர்கள் கையாளும் சொல்லும் இதுவேதான். ஆனால் அங்கே அதற்கு இன்னொரு முகமும் உண்டு: பணமும் பதவியும் காப்பதால் யாரும் கைவைக்க முடியாத ஆள். ட்ரிஸுக்கு முதல் பொருள் பொருந்தும். ஃபிலிப்புக்கு இரண்டுமே பொருந்தும். கோடீஸ்வரர்தான், ஆனால் அவர் உடலைக் கண்டால் எல்லோரும் ஒரு முழம் தள்ளி நிற்கிறார்கள். பிரிட்டனில் இதை ‘அன்டச்சபிள்’ என்று வெளியிட்டார்கள். மூலத்தின் பன்மை போனதும் ‘இருவரும்’ என்ற குறிப்பும் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு படம் முழுக்க ஒருவர் இன்னொருவரைத் தூக்குகிறார், குளிப்பாட்டுகிறார், சவரம் செய்கிறார்.

கேள்வி: ஃபிலிப்பின் தொடையில் ட்ரிஸ் கொதிக்கும் தேநீரை ஊற்றுகிறான். அவருக்குத் தெரியவே இல்லை. இது சாத்தியமா?

பதில்: சாத்தியம். அவருக்கு அடிபட்டது கழுத்தின் மூன்றாம், நான்காம் முள்ளெலும்புகளுக்கு இடையில். தண்டுவடம் அங்கே அறுந்தால் அதற்குக் கீழிருந்து எந்தச் சேதியும் மூளைக்குப் போகாது. காது மட்டும் ஏன் உணர்கிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். காதுக்கும் முகத்துக்குமான நரம்புகள் மூளையிலிருந்தும் கழுத்தின் மேல்பகுதியிலிருந்தும் புறப்படுகின்றன, அடிபட்ட இடத்துக்கு மேலே. தேநீர்க் காட்சியைச் சிரிப்புக்காக மட்டும் வைக்கவில்லை, உடற்கூறும் சரியாகவே இருக்கிறது.

ஆனால் வலி தெரியவில்லை என்பதால் தோல் வேகாமல் இருக்காது. 60 டிகிரி நீர் ஐந்தாறு விநாடிகளில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். தேநீர் அதைவிடச் சூடு. வலித்தால் காலை இழுத்துக்கொள்வோம், இவருக்கு அந்த வழியும் இல்லை. ரத்த ஓட்டம் மந்தமான தோல் என்பதால் ஆறவும் நாளாகும். குளிப்பாட்டும் நீர் 37, 38 டிகிரியில் இருக்கட்டும், வெப்பமானியால் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் முழங்கையை நனைத்துப் பாருங்கள். நோயாளியின் பாதத்தை நனைத்து ‘சுடுகிறதா?’ என்று கேட்பதில் பயனில்லை. மடியில் சூடான தட்டு, மடிக்கணினி, ஒத்தட நீர்ப்பை எதுவும் வேண்டாம்.

கேள்வி: என் தந்தைக்கும் கழுத்தில் அடிபட்டுக் கைகால் அசைவில்லை. ட்ரிஸ் செய்வதில் எதைப் பின்பற்றலாம், எதைக் கூடாது?

பதில்: பேச்சை அப்படியே பின்பற்றுங்கள். இரக்கம் காட்டாமல் சம ஆளாகப் பேசுகிறான், அதுதான் ஃபிலிப்புக்குப் பிடித்தது. கைவேலையில்தான் கவனம் வேண்டும்.

முதலில் காலுறை. ‘பெண்கள் போடுவதை நான் மாட்டிவிடுவதா’ என்று ட்ரிஸ் முரண்டு பிடிப்பது அந்த இறுக்கக் காலுறையைத்தான். தசை இயங்காத காலில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். எழுப்பி உட்காரவைத்ததும் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். அதைத் தடுக்கத்தான் காலுறை. படுக்கையில் இருக்கும்போதே, கால் வீங்குமுன் மாட்ட வேண்டும். சுருக்கம் ஒன்று விழுந்தால்கூட அந்தக் கோட்டில் தோல் புண்ணாகும். பிறகு தலைப்பக்கத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஓரிரு நிமிடம் நிறுத்துங்கள். கண் இருட்டுகிறது என்றால் மறுபடி சாய்த்துவிடுங்கள்.

அடுத்தது தூக்குவது. சிறப்பு வேனில் ‘குதிரையைப் போல ஏற்றமாட்டேன்’ என்று மஸராட்டி காரின் முன் இருக்கையில் ஏற்றுகிறான். ஆறடிக்கு மேல் உயரமும் பலமும் உள்ள ஆள், அவனுக்கு முடிகிறது. வீட்டில் இரண்டு பேர் வேண்டும், அல்லது தூக்கி இயந்திரம். சக்கர நாற்காலியைப் படுக்கைக்கோ கார் இருக்கைக்கோ பக்கவாட்டில் சற்றுச் சாய்வாக ஒட்டி நிறுத்துங்கள். பிரேக், பிறகு கால்தாங்கியை ஒதுக்குவது. ஒருவர் முன்னால் நின்று தன் முழங்கால்களால் அவர் முழங்கால்களை அணைத்து, உடலை முன்னால் சாய்த்துத் தன் தோளில் தாங்கித் திருப்ப வேண்டும். மற்றவர் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். கையையோ அக்குளையோ பிடித்து மட்டும் இழுக்காதீர்கள். தசைகள் தாங்கிப் பிடிக்காத தோள்மூட்டு எளிதில் நழுவும். உட்கார்ந்ததும் மார்புப் பட்டை. முதுகுத் தசை வேலை செய்யாததால் பட்டை இல்லாவிட்டால் முன்னால் மடிந்து விழுவார்.

அந்த மஸராட்டியின் தோல் இருக்கையில் இன்னொரு சிக்கல் உண்டு. நாற்காலியில் இருக்கும் அழுத்தம் குறைக்கும் மெத்தை அதில் கிடையாது. உட்கார்ந்திருக்கும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை சாய்த்து எடையை மாற்ற வேண்டும், படுக்கையில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால், இந்த மூன்றையும் இரவு படுக்கவைக்கும்போது கண்ணால் பாருங்கள். விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் புண் தொடங்கிவிட்டது, அந்த இடத்தில் மறுபடி எடை விழக் கூடாது. சக்கர நாற்காலியின் வேகத்தைக் கூட்டிவைக்கும் வேலையையும் சினிமாவோடு விட்டுவிடுங்கள். திடீர் பிரேக்கில் தூக்கி எறியப்படுபவர் கையை ஊன்றிக்கொள்ள முடியாது.

கேள்வி: இரவில் ஃபிலிப் மூச்சுத் திணறித் தவிக்கிறார். வெளிக்காற்று போதுமா?

பதில்: படத்தில் அது மாய வலி, அதாவது உணர்வே இல்லாத உடலில் எரிவது போன்ற வேதனை. அதற்குப் பேச்சுத்துணையும் காற்றும் ஓரளவு ஆறுதல். ஆனால் திடீர்த் தலைவலி, முகம் சிவந்து வியர்வை, ரத்த அழுத்தம் வழக்கத்தைவிட 20 முதல் 40 புள்ளி கூடுதல் என்றால் அது வேறு. ஆட்டோனோமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா என்பார்கள். மார்பின் ஆறாம் முள்ளெலும்புக்கும் மேலே அடிபட்டவர்களுக்கு வருவது. பக்கவாதம் வரை போகும். உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், படுக்கவைக்காதீர்கள். இறுக்கமான உடை, காலுறையைத் தளர்த்துங்கள். சிறுநீர்க்குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான். மலச்சிக்கல் அடுத்தது. சில நிமிடங்களில் தணியவில்லை என்றால் ஆம்புலன்ஸ்தான்.

கேள்வி: தொடக்கக் காட்சியில் போலீஸை ஏமாற்ற ஃபிலிப் வலிப்பு வந்ததுபோல் நடிக்கிறார். இவர்களுக்கு வலிப்பு வருமா?

பதில்: வலிப்பு மூளையின் கோளாறு, இவருக்குப் பழுது தண்டுவடத்தில், அதனால் மட்டும் வலிப்பு வருவது வழக்கமில்லை. மேலே சொன்ன ரத்த அழுத்த ஏற்றம் கட்டுமீறினால் மட்டும் வரலாம். போலீஸ்காரர்களுக்கு அது தெரிந்திருந்தால் படம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

கேள்வி: உண்மைக் கதை என்கிறார்களே, எவ்வளவு உண்மை?

பதில்: ஷாம்பெயின் நிறுவனம் ஒன்றை நிர்வகித்த ஃபிலிப் பொத்ஸோ தி போர்கோவுக்கு 1993இல் விபத்து. அவரைப் பார்த்துக்கொள்ள வந்த அப்தெல் செல்லு அல்ஜீரியாவில் பிறந்தவர். படத்தில் இவர் செனகல்காரர் ஆனது ஒமர் சிக்காக. இயக்குநர்கள் அவரோடு முன்பே வேலை செய்தவர்கள். ஃபிலிப்பின் மனைவி பேயாத்ரீஸ் 1996இல்தான் இறந்தார், அதாவது அப்தெல் வந்தபோது உயிரோடு இருந்தார். படத்தில் அவர் முன்பே இறந்துவிட்டார். என் கணிப்பில் படத்தின் பெரிய இழப்பு இதுதான், நோயுற்ற மனைவியும் அசையாத கணவரும் இருந்த வீட்டுக்குள் அப்தெல் நுழைந்ததைக் காட்டாமல் விட்டது. ஃபிலிப் 2023இல் காலமானார்.

கேள்வி: ‘கறுப்பர் ஆடிப்பாடி வெள்ளைக்காரரை மகிழ்விக்கிறார்’ என்ற குற்றச்சாட்டு சரியா?

பதில்: அமெரிக்க விமர்சகர்கள் சிலர் அப்படித்தான் எழுதினார்கள். ‘செப்டெம்பர்’ பாட்டு ஒலிக்கும் கார் காட்சி, பிறந்தநாள் நடனம் இரண்டையும் பார்த்தால் அடியோடு தள்ளிவிட முடியாது. ஆனால் அதே பிறந்தநாளில் விவால்தியின் ‘நான்கு பருவங்கள்’ இசைக்கப்பட்டதும், இது வேலையில்லாதோர் அலுவலகத் தொலைபேசியில் காத்திருக்கும்போது ஒலிப்பதாயிற்றே என்கிறான் ட்ரிஸ். முதல் நாள் அவன் அந்த வீட்டுக்கு வந்ததும் வேலைக்காக அல்ல, உதவித்தொகை தொடர ‘தேர்வாகவில்லை’ என்று ஒரு கையெழுத்து வாங்கிப்போக. கேலி அங்கே மேல்தட்டு ரசனையின் பக்கம் திரும்புகிறது. அவன் கிறுக்கிய ஓவியம் 11,000 யூரோவுக்கு விலைபோவதும் அதே வகை.

கேள்வி: தமிழில் ‘தோழா’ இதன் மறுஆக்கம்தானே?

பதில்: ஆம், 2016. நாகார்ஜுனா, கார்த்தி, இயக்கம் வம்சி பைடிபல்லி. தெலுங்கில் ‘ஊபிரி’.