பழைய கார் சில நேரங்களில் மட்டும் ஸ்டார்ட் ஆவதில்லை. கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் கேள்வியின் சாரம் இது: பதினைந்து ஆண்டு பழைய பெட்ரோல் கார், பெரும்பாலும் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பிவிடுகிறது, எப்போதாவது, அதுவும் சிறிது தூரம் ஓட்டி நிறுத்திய பிறகு, 'டக்' என்ற ஒற்றை ஒலியோடு அடங்கிவிடுகிறது, சற்று ஆறவிட்டால் தானாகச் சரியாகிறது. புது பேட்டரி போட்டும் பயனில்லை, மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஒழுங்காகவே கிளம்புகிறது, ஆகவே அடுத்து செல்ஃப் மோட்டாரை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். விட்டு விட்டு வரும் கோளாறு, வண்டி நன்றாக இருக்கும் நேரத்தில் எவ்வளவு தேர்ந்த மெக்கானிக்கின் கண்ணுக்கும் அகப்படாது. கோளாறு வெளிப்படும் அந்த ஓரிரு நிமிடங்களில், எதையும் தொட்டு அசைக்கும் முன்பே அளந்து பார்க்க வேண்டும். பேட்டரி டெர்மினலைக் கையால் ஒருமுறை திருகினாலே வண்டி கிளம்பிவிடலாம். ஆனால் அதோடு தடயமும் போய்விடும், அடுத்த முறை அது எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டியதுதான்.

முதலில், செல்ஃப் எடுக்காதது வேறு, செல்ஃப் எடுத்தும் இன்ஜின் பிடிக்காதது வேறு. இரண்டாவது வகையென்றால், செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் சற்றேனும் அசைகிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் அது அசையாமல் கிடந்தால், சூட்டில் செயலிழந்து ஆறியபின் உயிர் பெறும் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுழல்வதை உணர்ந்து சொல்லும் கருவி) மீது சந்தேகம் போக வேண்டும். முள் அசைந்தும் பிடிக்கவில்லையென்றால் பெட்ரோல் பம்ப், அதன் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), இக்னிஷன் காயில் ஆகியவை வரிசையில் வரும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளம்பவிடாத திருட்டுத் தடுப்பு) விளக்கு மினுக்குகிறதா என்பதையும் மாற்றுச் சாவியால் கிளம்புகிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் வண்டியில் செல்ஃபே எடுக்கவில்லை என்பதால் இவற்றை இத்துடன் விடுகிறேன்.

அடுத்து, அந்த 'டக்' எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்தோ ஃபியூஸ் பெட்டியிலிருந்தோ வரும் மெல்லிய ஒலி ரிலேயினுடையது. இன்ஜினுக்குக் கீழிருந்து வரும் கனமான ஒலி, செல்ஃப் மோட்டாரின் மேல் இருக்கும் சாலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்தச் சுவிட்ச்) இழுக்கும் ஒலி. 'டகடக'வென்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் குறைவு அல்லது டெர்மினல் லூஸ். ஒலியே இல்லையென்றால், ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரை பி-யிலிருந்து (பார்க்) என்-க்கு (நியூட்ரல்) மாற்றிப் பார்க்கலாம். சாதாரண கியர் வண்டியில் கிளட்ச் மிதியோடு சுவிட்ச் இருந்தால் அதைப் பார்க்கலாம்.

கனமான ஒற்றை ஒலிதான் என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். ஓட்டாமல் சில மணி நேரம் நின்ற நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்போது பேட்டரி முனைகளில் என்ன காட்டுகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. ஒலி கேட்டும் 12 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால், செல்ஃபுக்குப் போக வேண்டிய பெரிய மின்னோட்டம் போகவே இல்லை என்று பொருள்; வழியில் எங்கோ தடை இருக்கிறது. மாறாக 10 வோல்ட் பக்கம் சரிந்தும் சுழற்சி இல்லையென்றால், மின்னோட்டம் போகிறது, சுற்ற முடியாமல் ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. 9.6 வோல்ட்டுக்கும் கீழே இறங்கி மந்தமாகச் சுற்றினால் பேட்டரியே பலவீனம், அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி இழுக்கிறது.

முகப்பு விளக்கு பளிச்சென்று எரிகிறதே, ஒயரில் என்ன குறை இருக்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓர் இணைப்பில் 0.02 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 ஆம்பியர் எடுக்கும் விளக்குக்கு அதனால் இழப்பு 0.1 வோல்ட் மட்டுமே, கண்ணுக்குத் தெரியாது. 150 ஆம்பியர் கேட்கும் செல்ஃபுக்கோ அதே இணைப்பில் 3 வோல்ட் போய்விடும். மீட்டரை ஓம் நிலையில் வைத்து ஒயரைச் சோதிப்பதும் இதனால்தான் வீண். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீட்டர் நம்பும்படி காட்டாது. வோல்ட் நிலையில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே (கிளாம்ப்பில் அல்ல) அழுத்தி, மறுமுனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் வைத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதேபோல் பாசிட்டிவ் குமிழிலிருந்து செல்ஃபின் தடித்த ஒயர் முனை வரை 0.5 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. வண்டி நியூட்ரலிலும் ஹேண்ட்பிரேக்கிலும் இருக்கட்டும். திடீரென்று கிளம்பினால் பெல்ட்டும் ஃபேனும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

நான் முன்பு வைத்திருந்த ஒரு காரில் இதே அறிகுறி இருந்தது. எர்த் பட்டை (பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் தடித்த ஒயர்) வெளிப்பார்வைக்குக் குறையில்லாமல் இருந்தது, போல்ட்டும் இறுக்கமாகவே இருந்தது. ஆனால் சாவியைத் திருப்பிய கணத்தில் மீட்டர் 3 வோல்ட்டைத் தாண்டியது. கழற்றி, முனையில் நசுக்கி மாட்டியிருந்த லக்கை (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) பிளந்து பார்த்தபோது உள்ளே செம்பு இழைகள் பச்சைக் களிம்பேறி, நகத்தால் கீறினால் உதிர்ந்தன. ஜம்பர் கேபிள் ஒன்றை இன்ஜின் உலோகத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் போட்டவுடன் வண்டி கிளம்பியிருந்தது என்பதால், பட்டையை வாங்கும் முன்பே சந்தேகம் தீர்ந்திருந்தது. மீட்டர் கைவசம் இல்லாத நேரத்திலும் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

இரண்டு பெரிய ஒயர்களும் தேறிவிட்டால், சாலினாய்டுக்குச் சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயரைப் பாருங்கள். பல வண்டிகளில் அந்த முனைக்கு 50 என்று எண் பொறித்திருக்கும். சாவி ஸ்டார்ட்டில் இருக்கும்போது அங்கே பேட்டரி முனையின் வோல்ட்டேஜை ஒட்டி வர வேண்டும். 7, 8 என்று வந்தால் இக்னிஷன் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது அல்லது இடையில் ஒரு கனெக்டர் கருகியிருக்கிறது. உங்கள் வண்டி சூட்டில் மட்டும் மறுப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். செம்பின் தடை ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 4 சதவீதம் கூடுகிறது. சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் உள்ள சாலினாய்டு, வண்டியை நிறுத்தியபின் காற்றோட்டமின்றி இன்னும் 60 டிகிரி சூடேறினால் அதன் சுருளின் தடை கால் பங்கு வரை உயரும். குளிர்ந்திருக்கும்போது குறைந்த வோல்ட்டேஜிலும் எப்படியோ இழுத்த சுருள், அப்போது இழுக்காது.

கோளாறு எப்போது வரும் என்று தெரியாததால், இந்த முனையிலிருந்தும் செல்ஃபின் தடித்த முனையிலிருந்தும் ஒவ்வொரு மெல்லிய ஒயரை, தொடக்கத்திலேயே சிறு ஃபியூஸ் வைத்து, சூடான குழாய்களில் படாமல் உள்ளே இழுத்து, மீட்டரை இருக்கைக்குப் பக்கத்தில் சில நாள் வைத்திருங்கள். பார்க்க அழகாக இராது, ஆனால் இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு முனைகளிலும் முழு வோல்ட்டேஜ் வந்து, எர்த்தும் தேறி, ஒலியும் கேட்டு, அப்போதும் சுற்றவில்லையென்றால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றலாம். அப்போதும் பெரும்பாலும் தேய்ந்திருப்பது சாலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடர்புகளோ கார்பன் பிரஷ்ஷோதான். பல மாடல்களுக்கு இவை தனியாகவே கிடைக்கும். சுத்தியலால் தட்டினால் கிளம்புகிறது என்பது இதற்கு ஒரு சான்றுதான். ஆனால் நிலைக்காந்தம் உள்ள மோட்டாரை ஓங்கித் தட்டினால் காந்தமே விரிசல் விடும். ஒருவேளை பேட்டரி 10 வோல்ட் பக்கம் சரிந்த வகையாக இருந்து, கியரில் போட்டு வண்டியைச் சற்றே தள்ளிய பிறகு கிளம்பினால், ஃப்ளைவீல் பல்சக்கரத்தில் (செல்ஃப் பல் கோர்த்து இன்ஜினைச் சுற்றும் பெரிய சக்கரம்) ஒரே இடத்தில் பல் தேய்ந்து செல்ஃப் பல் சிக்குகிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் இன்ஜின் பெரும்பாலும் அதே ஓரிரு நிலைகளில்தான் நிற்கும் என்பதால் தேய்மானமும் அங்கேயே குவிகிறது. அந்தச் சக்கரத்தை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும். எனவே செல்ஃபைக் கழற்றிய துவாரத்தின் வழியே டார்ச் அடித்து, இன்ஜினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பற்களைப் பார்த்த பிறகே அந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.